உப்பு மூணு பிளஸ்

"அந்தப் பட்டைய எடுத்து என் கண்ணுல காட்டும்மா, நானே பாத்து—"

"அக்கா, அது முடிஞ்சு போச்சு, ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனா அந்தக் கலர நம்பக்கூடாது, தானா மாறிடும்—"

"தானா மாறுமா, நீ மாத்துனியா?"

"நான் ஏன்க்கா மாத்தப் போறேன்? ஸ்ட்ரிப்ப நனைச்சேன், தட்டுல வெச்சேன். அதுவா உள்ள இழுத்துக்கிச்சு, லைட் அடிச்சுப் பாத்துச்சு, சீட்டத் துப்பிச்சு. என் கையே அதுல—"

"துப்பிச்சில்ல? என் வூட்டுக்காரரு சோத்துலதான் துப்பிச்சு!"

வடக்குத்து மெயின் ரோட்டில் டயர் கடைக்குப் பக்கத்து அறை அது. வெளியே 'இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கப்படும்' என்று போர்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு ஃப்ரிட்ஜ், மேஜை மேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்பு மெஷின். அதன் வாயிலிருந்து நாக்கு மாதிரி ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருந்தது. யூரினில் நனைத்த ஸ்ட்ரிப்பை அந்தத் தட்டில் வைத்தால், உள்ளே இழுத்துக்கொண்டு, அதில் இருக்கும் கட்டங்களின் நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, சர்க்கரை இவ்வளவு, உப்பு என்று சொல்கிற புரதம் இவ்வளவு என்று சீட்டில் அடித்துக் கொடுக்கும். கண்ணால் பார்த்துச் சொன்ன காலத்தில், ஒருத்தருக்கு மஞ்சளாய்த் தெரிவது இன்னொருத்தருக்குப் பச்சையாய்த் தெரியும். அந்தத் தகராறே வேண்டாம் என்றுதான் செந்தாமரை போன வருஷம் இதை வாங்கிப் போட்டாள்.

செந்தாமரை நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மைன்ஸில் பர்மனெண்டாய் இருந்து ரிட்டயர் ஆனவர். எதிரே இடுப்பில் கை வைத்து நிற்கிற தனபாக்கியம் வடக்குத்துக்காரி. அவள் புருஷன் பன்னீர்செல்வம் அதே மைன்ஸில் காண்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் வேலை பார்க்கிறவர். வருஷா வருஷம் மெடிக்கல் எடுத்து 'ஃபிட்' வாங்கினால்தான் காண்ட்ராக்டர் கேட் பாஸைப் புதுப்பித்துக் கொடுப்பார். பாஸ் இல்லாதவனை கேட்டில் விடமாட்டார்கள். அன்றைக்குக் காலையில் பன்னீர்செல்வம் கொடுத்த டப்பாவுக்கு வந்த சீட்டில், 'உப்பு மூணு பிளஸ்', அதாவது ரொம்ப அதிகம். சேதி வீட்டுக்குப் போனதும் தனபாக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

வாசல் பெஞ்சில் பன்னீர்செல்வம் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தார். அவரோடு மெடிக்கலுக்கு வந்த இன்னும் நாலு பேர் டயர் கடை நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யூரின்ல உப்பு போவுதுன்னா கிட்னிய ஒரு தடவ பாக்கணும்னு அர்த்தம்க்கா. நான் ஒண்ணும் அவர வேலைய விட்டுத் தூக்கல."

"தூக்கறது நீ இல்லம்மா, உன்னத் தூக்கச் சொன்னவன்."

"யாரு சொன்னது?"

"சூப்பர்வைசரு இளவழகன். அவன் மச்சான் செஞ்சிக்குப் பக்கத்துல இருந்து வந்து மூணு வாரமா வூட்டுல குந்திக்கினு துன்னுக்கினு இருக்கான். அவனுக்கு ஒரு பாஸ் வேணும். எவன் பாஸப் புடுங்குனா அவனுக்குக் கெடைக்கும்? வாயத் தொறக்காத மனுசன் பாஸத்தான புடுங்க முடியும்?"

"அவரு மச்சான நான் பாத்ததுகூட இல்லக்கா."

"பாத்தா சொல்லுவியா? ஏங்க, வந்து சொல்லுங்களேன்! போன்ல என்கிட்ட சொன்னீங்க இல்ல, இதெல்லாம் செட்டப்புன்னு!"

பன்னீர்செல்வம் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "மெஷின் பொய் சொல்லுது. அம்மாந்தான். வா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

"வூட்டுக்குப் போயி? இந்தப் பொண்ணு பண்ண வேலைக்கு நாம தலைய தொங்கப்போட்டுக்கினு போவணுமா?"

செந்தாமரைக்கும் கோபம் வந்துவிட்டது. "அக்கா, நானும் ஒண்ணு கேக்கவா? சந்தேகப்படணும்னா நானும் படலாம். அண்ணன் டப்பாவ வீட்டுலேருந்தே ரொப்பி எடுத்துட்டு வந்தாரு. இங்க பாத்ரூம் இருக்கு, இங்க குடுக்கச் சொன்னேன். கேக்கல. அதுல என்ன கலந்திருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

"என்னா கலக்குவாங்க? சாம்பாரா?"

டயர் கடை நிழலில் நின்றவர்களில் ஒருவன் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். அவனைப் பார்த்து தனபாக்கியம், "சிரிடா சிரி, உன் சீட்டுலயும்தான் உப்பு இருக்குதாம்" என்றாள். அவன் சிரிப்பு நின்றது.

இளவழகன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். தனபாக்கியம் இருக்கிற தெருவிலேயே வளர்ந்தவன். அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

"என்னம்மா செந்தாமரை, அஞ்சு பேர அனுப்பினேன். அஞ்சு பேருக்கும் உப்புன்னு போன்ல சொல்ற. ஆளுங்கள அனுப்பினேனா, ஊறுகா ஜாடிய அனுப்பினேனா?"

"வந்துட்டான் பாரு," என்றாள் தனபாக்கியம். "ஏம்பா இளவழகா, உன் மச்சானுக்குச் சோறு போட்டு மாளலன்னா என் வூட்டுக்கு அனுப்பு. நான் போடறேன். அதுக்காக உங்க சித்தப்பா பாஸப் புடுங்குவியா?"

"சித்தி, எதுக்கு எதை முடிச்சுப் போடற? எனக்கு ரெண்டாம் ஷிப்டுக்கு ஆளு வேணும். அஞ்சு பேரும் அன்ஃபிட்டுன்னா பெல்ட்டாண்ட நானா போயி நிக்கிறது? எனக்கு வேற டவுட்டு இருக்குது." அவன் வாசல் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினான். "நீங்க அஞ்சு பேரும் சேந்து எதனா பண்ணீங்களா? தீபாவளி வரைக்கும் வூட்டுல இருக்கலாம்னு?"

"நாங்க ஏன் சார் பண்றோம்? வேலைக்குப் போவலன்னா யாரு குடுப்பா?" என்று நாலு பேரும் சேர்ந்தாற்போல் கத்தினார்கள். பன்னீர்செல்வம் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தப் பொண்ணு பண்ணியிருக்கணும். வேற காண்ட்ராக்ட்காரன் எவனாவது உன்ன வந்து பாத்தானா?"

"என்னங்க சார் இது! ஆளாளுக்கு ஒரு ஆளக் கொண்டாந்து என் தலைல கட்டறீங்க!"

தனபாக்கியம் தன் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜை மேல் நச்சென்று வைத்தாள்.

"நெய்வேலி பைப்புத் தண்ணி. இப்பத்தான் புடிச்சேன். இத வெய்யி அந்த மெஷினுல. என் எதிர்க்க வெய்யி. இதுக்கும் உப்பு இருக்குதான்னு பாக்கலாம்."

"தண்ணியவா? அக்கா, ஒரு ஸ்ட்ரிப் வீணாப்போகும்."

"எங்க பொழப்பு வீணாப்போவுது. வெய்யி!"

இளவழகனும் தலையாட்டினான். செந்தாமரை கையுறை மாட்டி, புது ஸ்ட்ரிப் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, ஓரத்தைத் துணியில் ஒற்றி, தட்டில் வைத்தாள். தட்டு உள்ளே போனது. தனபாக்கியம் குனிந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாம்புப் பொந்தைப் பார்க்கிற மாதிரி. உள்ளே ஏதோ முனகியது. சீட்டு வந்தது.

செந்தாமரை அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என்னா போட்டிருக்கு?"

செந்தாமரை சீட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள்.

"சொல்லும்மா!"

"உப்பு... ஒரு பிளஸ்."

"அட்றா சக்க! தண்ணிக்கே கிட்னி கெட்டுப்போச்சு!" தனபாக்கியம் கையைத் தட்டினாள். வெளியே இருந்த நாலு பேரும் டீ கிளாஸோடு உள்ளே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பேச்சு. "காசு குடுத்து வாங்குனதாம்மா, இல்ல எவனாவது சும்மா குடுத்தானா?" "காலைல சீட்டப் பாத்ததுல இருந்து எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குதுடா." "உனக்கு கிட்னி ரெண்டு பக்கமும் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

செந்தாமரைக்கு முகம் சிவந்து போயிற்று. மெஷினை அணைத்து, தட்டை முழுதாய் வெளியே இழுத்து, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தாள். தட்டின் கடைசியில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மெஷின் முதலில் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் ஸ்ட்ரிப்பைப் பார்க்கும்.

அது வெள்ளையாய் இல்லை.

"ஐயோ," என்றாள்.

"என்னா ஐயோ?"

"சந்தனம்."

"என்னா சந்தனம்?"

"ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம்க்கா." அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. "எங்கப்பா மைன்ஸ்ல இருந்தப்ப, அவ்ளோ பெரிய மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்கா உடைச்சு, பொட்டு வெப்பாங்க. பொட்டு வெக்காத மெஷின ஓட்டக்கூடாதும்பாரு. இதுக்கும் வெக்கணும்னு நெனச்சேன். கறுப்பு பிளாஸ்டிக்ல ஒட்டவே இல்ல, வழிஞ்சிட்டே இருந்துச்சு. தட்டை இழுத்துப் பாத்தேன். இந்த வெள்ளை நல்லா நெத்தி மாதிரி இருந்துச்சு..."

"நெத்தில வெச்சிட்ட."

"வெச்சிட்டேன். லீவு முடிஞ்சு இன்னைக்குக் காலைலதான் தொறந்தேன். ஈரப் பஞ்சால தொடச்சேன். குங்குமம் போயிடுச்சு. சந்தனத்தோட மஞ்சள் லேசா தங்கியிருக்கு, நான் பாக்கல. ஆன் பண்ணப்ப என்னவோ 'செக்'னு காட்டுச்சு. நாலு நாளா தூசி அடைஞ்சிருக்கும்னு ஓகேய அமுக்கிட்டேன்."

இளவழகன் தட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தான். "இத்தூண்டு சந்தனம் கிட்னிய கெடுக்குமா?"

"உப்பு இல்லாத யூரின்ல ஸ்ட்ரிப்போட உப்புக் கட்டம் மஞ்சளா இருக்கும் சார். உப்பு இருந்தா பச்சையாகும். சந்தனத்தப் பாத்துட்டு இதுதான் வெள்ளைன்னு மெஷின் நம்பிடுச்சு. மஞ்சள வெள்ளைன்னு நம்பிட்டா, எல்லா நிறமும் கொஞ்சம் நீலம் பக்கம் தள்ளித் தெரியும், நெஜ மஞ்சள் அதுக்குப் பச்சையாத்தான தெரியும்."

"நல்லா நம்பிச்சு," என்றாள் தனபாக்கியம். குரலில் இருந்த காரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாமிக்காகச் செய்த தப்பை எவ்வளவு நேரம் திட்டுவது? "போவட்டும். தொட."

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, அந்தச் சதுரம் பால் மாதிரி ஆகும் வரை துடைத்தாள். மறுபடி தண்ணீர். மறுபடி சீட்டு. இந்தத் தடவை எல்லாக் கட்டத்துக்கும் நேராக 'இல்லை' என்று வந்தது. நாலு பேரில் ஒருத்தன் விசில் அடித்தான்.

"சரி, முடிஞ்சுது," என்று இளவழகன் சட்டைப்பையிலிருந்து பாஸ்களை எடுத்தான். ஐந்தும் அவனிடம்தான் இருந்தன. "மெஷின் ரிப்பேர்னு சொல்லிக்கறேன். அஞ்சு பேரும் ஃபிட்டு. செந்தாமரை, கையெழுத்தப் போடு. ஷிப்டுக்கு நேரமாவுது."

"திரும்ப டெஸ்ட் எடுக்காம எப்படி சார்?"

"எடுத்தா மட்டும்? பொட்டு வெச்சு மெஷினக் கெடுத்தேன்னு காண்ட்ராக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

செந்தாமரை பேனாவைத் தேடினாள். ஆனால் அந்த நாலு பேருக்கும் இப்போது வீராப்பு வந்துவிட்டது. காலையில் நோயாளி என்று சொன்ன மெஷின் தங்கள் கண்ணெதிரே தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தன் பின் ஒருத்தன் டப்பாவோடு பின்பக்கம் போனான். "டீ குடிச்சது வீணாப்போவல" என்றான் ஒருவன். நாலு சீட்டு வந்தது. நாலிலும் உப்பு இல்லை. ஆளுக்கொரு பாஸை வாங்கி, ஹெல்மெட்டை மாட்டி, கிளம்பிப் போனார்கள்.

"சித்தப்பா, இந்தாங்க உங்களுது," என்று இளவழகன் மிச்சமிருந்த பாஸை வாசலைப் பார்த்து நீட்டினான். "நீங்க எடுக்கலன்னாலும் பரவால்ல. உங்களுக்கும் அதே கததான்."

பன்னீர்செல்வம் எழுந்தார். "ஆமா. நேரமாச்சு. வரேன்."

"இருங்க," என்றாள் தனபாக்கியம். "அவங்க மட்டும் நெஞ்ச நிமித்திக்கினு போவாங்க, நீங்க மட்டும் பாவம் பாத்து குடுத்தத வாங்கிக்கினு போவீங்களா? நீங்களும் குடுங்க. இந்த மெஷினு உங்களுக்கும் இல்லைன்னு எழுதட்டும்."

"அதான் பொய்னு தெரிஞ்சு போச்சில்ல?"

செந்தாமரை மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா, சந்தனத்தோட தண்ணிக்கு ஒரு பிளஸ் வந்துச்சு. அந்த நாலு பேருக்கும் ஒரு பிளஸ்தான். அண்ணனுக்குத்தான் மூணு."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா நீ?"

"இல்லக்கா, நான் ஒண்ணும் சொல்லல. ஒரு தடவ எடுத்துட்டா நல்லது."

"கேட்டீங்களா? இவ வாய அடைக்கறதுக்காவது ஒரு டப்பா குடுத்துட்டு வாங்க. போங்க."

"வரல."

"காலைல இருந்து இந்த பெஞ்ச விட்டு எழுந்திருக்கல நீங்க. வராம எப்பிடி இருக்கும்?"

"வரலன்னா வரல. மூத்திரத்த என்னா கயிறு கட்டியா இழுக்கறது?"

"இந்தாங்க, தண்ணி குடிங்க."

பாட்டிலை வாங்கினார். இரண்டு மிடறு குடித்தார். மூடியைத் திருகி, திருப்பிக் கொடுத்தார். "ஷிப்டு வுட்டு வந்து நாளைக்கிப் பாக்கலாம் தனம். மெடிக்கல்னு இவங்க பண்றது எல்லாமே ஏமாத்து. மொதல்ல இருந்தே சொல்றேன்."

"ஆமா," என்றாள் தனபாக்கியம். "மொதல்ல சொன்னது நீங்கதான்."

அவள் பாட்டிலை மெதுவாகக் கூடையில் வைத்தாள். இளவழகன் மணி பார்த்தான்.

"சித்தி, நான் ஒண்ணும் கேக்கல. பாஸப் புடி. நாளைக்கு வந்து மச்சானுக்காகப் புடுங்கினேன்னு சொல்லாத. புடி."

அவள் பாஸை வாங்கிக்கொண்டாள். பன்னீர்செல்வம் படியில் இறங்கினார். பூட்ஸ் லேஸ் இரண்டும் அவிழ்ந்து தரையில் இழுபட்டன.

"லேஸ கட்டாம கேட்டுல எவன் வுடுவான்? நில்லுங்க."

"அங்க போயி கட்டிக்கறேன்."

"நில்லுங்கன்றேன்."

அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, முன்னால் குந்தினாள். லேஸை இழுத்தாள். பூட்ஸின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட மறுத்தன. இன்னும் இழுத்தாள். அவர் வலியில் காலை உதறினார்.

"பூட்ஸ் சின்னதாயிடுச்சா? தோலு பூட்ஸ் எங்கனா சின்னதாவுமா?"

"வெயில்ல காஞ்சிருக்கும். வுடு."

அவள் விடவில்லை. சாக்ஸைக் கீழே தள்ளினாள். அது பிடித்திருந்த இடத்தில் கால் முழுக்க வட்டமாய் ஒரு பள்ளம். மேலே பளபளவென்று தோல். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பெரியவன் வயிற்றில் இருந்தபோது சப் சென்டர் நர்ஸ் அவள் காலை இப்படித்தான் அழுத்திப் பார்த்தாள். உப்பு இருக்குது, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டாள்.

"தெனமும் நான் தூங்குனப்புறந்தான் சாக்ஸ கழட்டினீங்களா?"

"நின்னுக்கினே வேல பாக்கறவன் கால் வீங்கத்தான் செய்யும். அஞ்சு வருசத்துல ரிட்டயர் வயசு வந்துரும். அது வரைக்கும் ஓட்டிட்டா போதும். நீ அந்தப் பாஸக் குடு."

"அண்ணே," என்றாள் செந்தாமரை வாசலிலிருந்து, "நீங்க எடுக்க வேணாம். டாக்டர மட்டும் போய்ப் பாருங்க, நான் கையெழுத்து—"

"நீ உள்ள போம்மா," என்றாள் தனபாக்கியம். இந்தத் தடவை அதட்டலாய் இல்லை.

இளவழகன் பைக் பக்கம் போனான். சாவியைப் போட்டான். ஆனால் கிளப்பவில்லை.

பன்னீர்செல்வம் கையை நீட்டியபடியே இருந்தார். தனபாக்கியம் எழுந்திருக்கவில்லை. ஒரு கை அவர் காலில் இருந்தது, இன்னொரு கையில் பாஸ். அதில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ் போட்டோவில் அது இல்லை.

"பாஸ் என் கைலதான் இருக்கு, எவனும் புடுங்கல," என்றாள். "நெசத்தச் சொல்லுங்க. எத்தினி மாசமா தெரியும் உங்களுக்கு?"